ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி: கைமாறிய நிறுவனத்தின் ஸ்டீயரிங்கை இன்று வாங்கலாமா?

கார் பந்தய விளையாட்டுக்கான ஸ்டீயரிங் கருவிகளில், நடுத்தர விலைக்காரர்களுக்கும் டைரக்ட் டிரைவ் மோட்டாரை எட்டும்படி செய்தது 2021-இல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி. லாஜிடெக் ஜி29 போன்ற பழைய வகைக் கருவிகளில் மோட்டாருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே கியர் பற்கள் இருக்கும்; கையைத் திருப்பும்போதெல்லாம் அவை கடகடப்பதை உணரலாம். சிஎஸ்எல் டிடியில் மோட்டாரின் தண்டே ஸ்டீயரிங்கைத் தாங்குகிறது. அதனால் சாலையின் மேடு பள்ளமும், சக்கரம் பிடியிழந்து வழுக்கத் தொடங்கும் நொடியும் மழுங்காமல் கைக்கு வந்து சேர்கின்றன. உடன் வரும் அடாப்டரில் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கிறது. தனியாக விற்கும் 180 வாட் அடாப்டரைப் போட்டால் அதே மோட்டார் 8 நியூட்டன் மீட்டர் தருகிறது. மின்விசிறி கிடையாது. அலுமினிய உடலே வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதால் அக்கினி நட்சத்திர நாள்களில் தொட்டால் சூடு தெரியும். ஆனால் சத்தம் அறவே இல்லை.

என்னிடம் இருப்பது பிரான்சில் வாழும் என் மாமா அங்கே வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. புதுச்சேரியில் இப்படிப் பொருள் வந்து சேராத தெரு அபூர்வம். இரு நாட்டிலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் ஐரோப்பிய பிளக் நம் சுவர் சாக்கெட்டில் தளர்வாக உட்காரும், எர்த் இணைப்பும் கிடைக்காது. அடாப்டருக்கும் சுவருக்கும் இடையே உள்ள கம்பியை மட்டும் நம்மூர் மூன்று முள் கம்பியாக மாற்றிக்கொள்ள வேண்டும். மேசையில் பொருத்தும் கவ்வியும் தனி விலை. 8 நியூட்டன் மீட்டரில் ஓட்டினால் சாதாரண பிளைவுட் கணினி மேசை வளைந்து கொடுக்கிறது. தச்சரிடம் சொல்லி அடியில் ஒரு தேக்கு ரீப்பர் அடித்த பிறகுதான் என் மேசை அசையாமல் நின்றது. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே கூடாது, அவர்களுக்கு கிரான் டூரிஸ்மோ டிடி புரோ என்ற தனி மாதிரி உண்டு. எக்ஸ்பாக்ஸில் ஓட வேண்டுமானால் ஸ்டீயரிங் வளையமும் எக்ஸ்பாக்ஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும் கருவியைப் பற்றி எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு உடனே தலையாட்ட முடியாததற்குக் காரணம் கருவி அன்று, அதைச் செய்த நிறுவனத்திற்கு நேர்ந்தது. ஃபனாடெக் என்பது வணிகப் பெயர் மட்டுமே. அதன் பின்னால் இருந்தது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் லாண்ட்ஷூட் நகரைச் சேர்ந்த எண்டோர் ஏஜி. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே பந்தயம் ஓட்டும் மோகம் ஏறியபோது வேகமாக வளர்ந்த அந்த நிறுவனம், மோகம் தணிந்தபோது வங்கிக் கடனோடு மாட்டிக்கொண்டது. 2024 மார்ச்சில் நிறுவனர் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். கலிபோர்னியாவின் கோர்செயர் நிறுவனம் இடைக்காலக் கடன் தந்து உள்ளே வந்தது. நொடிப்பு (திவால்) வழக்கைத் தவிர்க்கும் மறுசீரமைப்புத் திட்டம் ஒன்று போடப்பட்டது. பழைய பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சாத அந்த ஏற்பாடும் கைகூடாமல், ஜூலை இறுதியில் எண்டோர் நொடிப்பு மனு தாக்கல் செய்தது. செப்டம்பரில் ஃபனாடெக் வணிகத்தைக் கோர்செயர் வாங்கி முடித்தது. எல்காட்டோ, ஸ்கஃப் ஆகிய விளையாட்டுக் கருவிப் பெயர்களை முன்பே வாங்கிச் சேர்த்த நிறுவனம் அது என்பதால், பெயர் அழிந்துபோகும் என்ற பயம் யாருக்கும் எழவில்லை.

ஆனால் பெயர் பிழைப்பது வேறு, பெயரின் மேல் நாம் வைத்திருந்த உரிமை பிழைப்பது வேறு. ஒரு நிறுவனத்தின் பங்குகளை இன்னொருவர் வாங்கினால் நிறுவனம் அப்படியே இருக்கிறது, முதலாளி மட்டும் மாறுகிறார். பழைய பில்லில் கையெழுத்திட்ட அதே நிறுவனம் பழைய கடமைகளோடு தொடர்கிறது. நொடிப்பு வழக்கில் பெரும்பாலும் நடப்பது இதுவன்று. பெயர், வடிவமைப்பு, அச்சுகள், கிடங்கிலுள்ள சரக்கு, மென்பொருள் ஆகிய சொத்துகளை மட்டும் ஒருவர் விலைபேசி எடுத்துக்கொள்வார். கடன்கள் பழைய நிறுவனம் என்ற வெற்றுக் கூட்டிலேயே தங்கிவிடும். வாடிக்கையாளருக்குப் பழுதுபார்த்துத் தர வேண்டிய பொறுப்பும் சட்டத்தின் கண்ணில் ஒரு கடன்தான். எடுத்துக்கொண்டவர் அதை மதிக்கிறார் என்றால், நல்ல பெயரைக் காக்க அவரே ஒப்புக்கொண்டதனால்தான். எந்தெந்தப் பொருளுக்கு, எந்தத் தேதி வரை என்று அவர் எழுத்தில் கொடுத்ததற்கு மேல் ஒரு அங்குலம் கூட நாம் கேட்க இயலாது.

இந்த இடத்தில்தான் என் மாமாவுக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஐரோப்பாவில் எந்தப் பொருள் வாங்கினாலும் இரண்டு ஆண்டு சட்டப்படியான உத்தரவாதம் உண்டு, நிறுவனம் தராவிட்டாலும் சட்டம் தரும் என்பது அவர் கட்சி. சட்டம் இருப்பது உண்மை. அந்த இரண்டு ஆண்டுப் பொறுப்பு யார் மேல் விழுகிறது என்பதை அவர் பார்க்கவில்லை: உற்பத்தியாளர் மேல் அன்று, விற்றவர் மேல். உற்பத்தியாளர் தானாக முன்வந்து தரும் வாரன்டி அதற்கு வெளியே உள்ள இரண்டாவது பாதுகாப்பு. ஊரில் ஒரு பெரிய கடையில் வாங்கினால் இவ்விரண்டும் இரு வேறு கைகளில் இருக்கும். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். எண்டோர் தன் கருவிகளைப் பெரும்பாலும் தன் சொந்த இணையக் கடையிலேயே நேரடியாக விற்றது. இடைத்தரகர் இல்லை, அதனால் விலை குறைவு என்று நாமெல்லாரும் அதைப் பாராட்டியிருக்கிறோம். விற்றவரும் செய்தவரும் ஒருவரே என்றால், அந்த ஒருவர் நொடித்த நாளில் சட்ட உத்தரவாதமும் நிறுவன வாரன்டியும் ஒன்றாகவே கேள்விக்குள்ளாகின்றன. மாமா பேச்சை மாற்றி, வெயில் எப்படி என்று கேட்டார்.

முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஜெர்மன் நொடிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, இரு தரப்பும் முழுமையாக நிறைவேற்றாத ஒப்பந்தத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையை நிர்வாகத் தரப்புக்குத் தருகிறது. வாடிக்கையாளர் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அவர் தன் பங்கை நிறைவேற்றிவிட்டார், அதனால் இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. பொருள் வராத நிலையில், பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் அவரும் ஒருவர். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ரூபாய்க்குச் சில பைசாக்கள். கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர்கள் வங்கி வழியாகத் தொகையைத் திரும்பக் கோரலாம், பேபாலில் கட்டியவர்களுக்கு 180 நாள்களுக்குள் புகார் செய்யும் வசதி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பியவர்களுக்கு இவ்விரண்டும் இல்லை. வெளிநாட்டு இணையக் கடையில் முன்பதிவு செய்யும் நம்மூர் இளைஞர்கள் இந்த ஒரு வேறுபாட்டுக்காகவேனும் கார்டைப் பயன்படுத்துவது நல்லது.

இந்தத் துறையில் இதைவிட மோசமாக முடிந்த கதைகளும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு விற்ற அமெரிக்க பிஎஃப்ஜி நிறுவனம் வாழ்நாள் வாரன்டி தந்து பேர் வாங்கியது. 2010-இல் அது கடையைக் கட்டியபோது அந்த வாரன்டி அட்டைகள் வெறும் அட்டைகளாயின. விளையாட்டுக் கருவிகள் செய்த மேட் கேட்ஸ் 2016-இல், விமான ஸ்டிக் விற்ற தன் சைடெக் பிரிவை லாஜிடெக்குக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றது, 2017 மார்ச்சில் தானே கலைப்பு நடவடிக்கைக்குள் போனது, 2018 தொடக்கத்தில் புதிய உரிமையாளர்களின் கையில் அதே பெயர் மறுபடி சந்தைக்கு வந்தது. ஒரே நிறுவனத்தில் விமான ஸ்டிக் வாங்கியவருக்கு லாஜிடெக் என்ற வலுவான வாரிசு அமைந்தது, மவுஸ் வாங்கியவருக்கு அமையவில்லை. அந்த வகையில் பார்த்தால் ஃபனாடெக் வாடிக்கையாளர்கள் அதிர்ஷ்டசாலிகள். வாங்கியவர் அதே துறையில் பணமும் விநியோக வலையும் உள்ளவர்.

நம் நாட்டில் இப்படி ஒரு நிறுவனம் நொடித்தால் நடக்கும் முறை 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் இருக்கிறது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்ற உடனே 14-ஆம் பிரிவின்படி தடைக்காலம் தொடங்கும். அந்த நிறுவனத்தின் மேல் புதிய வழக்குப் போடவோ, நடக்கும் வழக்கைத் தொடரவோ முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் இருக்கும் புகாரும் அப்படியே நிற்கும். வீடு வாங்கப் பணம் கட்டியவர்களுக்கு 2018 திருத்தம் நிதிக் கடன் கொடுத்தவர் என்ற தகுதியைத் தந்தது. மவுஸும் ஸ்டீயரிங்கும் வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நாளிதழில் வரும் பொது அறிவிப்பைப் பார்த்து, இடைக்கால நிபுணர் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்களில் கோரிக்கைப் படிவம் தர வேண்டும், தாமதத்திற்குச் சிறிது இடம் உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்கு யார் இதற்கெல்லாம் மெனக்கெடுவார்கள் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மறுசீரமைப்புத் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அற்றுப்போகும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிறகு வந்து கேட்பவருக்குப் புதிய உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தடைக்காலம் காப்பது நொடித்த நிறுவனத்தை மட்டுமே. பொருளை நமக்கு விற்ற கடைக்காரர் அந்தக் குடைக்குள் வரமாட்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. காமராஜ் சாலையிலோ நேரு வீதியிலோ ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியவர் புதுச்சேரியிலேயே அந்தக் கடையின் மேல் புகார் செய்யலாம், 1915 என்ற உதவி எண்ணிலும் முறையிடலாம். என் மாமா கொண்டுவந்த பெட்டிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அதைக் கைச்சாமானாகவே கருதி, பழுதானால் கைவிட்டுப்போனது என்ற மனத்தோடுதான் ஓட்டுகிறேன்.

இன்னொன்று, மென்பொருள். கணினியில் டிரைவரும் கருவிக்குள் ஃபர்ம்வேரும் இல்லாமல் இந்த ஸ்டீயரிங் ஒரு கனத்த அலுமினியப் பெட்டிதான். விண்டோஸ் மாறும்போதும் புதிய விளையாட்டு வரும்போதும் யாரோ ஒருவர் அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விற்பனை தொடரும்வரை கோர்செயர் இதைச் செய்யும் என்று எதிர்பார்க்கலாம், விற்பனை நின்ற பழைய மாதிரிகளுக்கு எவ்வளவு காலம் என்பது அவர்களின் வணிகக் கணக்கு. இப்போது ஒழுங்காக ஓடும் பதிப்பின் நிறுவல் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து வைப்பது செலவில்லாத காப்பீடு. வளையத்தைக் கழற்றி மாட்டும் பூட்டும் கவனிக்க வேண்டியதே: பழைய கியூஆர்1 வகைக்குப் பதில் கியூஆர்2 வந்துவிட்டதால், இரண்டாம் கையில் வாங்கும் அடிப்பாகமும் வளையமும் ஒரே வகைதானா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை வாங்கும் வழியைப் பொறுத்து மாறும். 2024 செப்டம்பருக்குப் பிறகு புதிய உரிமையாளரின் சங்கிலி வழியாக விற்கப்பட்ட கருவி, இந்தியப் பில், பில்லில் வரிசை எண், வாரன்டிக்கு யார் பொறுப்பு என்ற ஒரு வரி ஆகியவை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கோர்செயரின் கீபோர்டும் ரேமும் இங்குள்ள கணினிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதால் ஸ்டீயரிங்குக்கும் அதே கடை பொறுப்பேற்கும் என்று நாமாக எண்ணிவிடக் கூடாது; கேட்டு, எழுதி வாங்க வேண்டும். 2024 செப்டம்பருக்கு முந்தைய கருவி இரண்டாம் கையில் வந்தால், வாரன்டி அறவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் பழைய வாரன்டி மிச்சமிருக்கிறது என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் அந்தக் கூடுதலுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். வெளிநாட்டில் முன்பதிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், எந்த நிறுவனமானாலும் சரி. உள்ளூரில் பொறுப்பேற்க ஆள் கிடைக்காத நிலையில், 5.5 நியூட்டன் மீட்டர் தரும் மோசா ஆர்5-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விசையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், எதற்கு இந்தியப் பில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். 180 வாட் அடாப்டரை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. 5 நியூட்டன் மீட்டரில் ஓட்டிப் பார்த்து, மேசை தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு சேர்க்கலாம்.