மேற்குக் கரை மழையில் கேம்பர் வேன்: ஒழுகிய கூரை, கைகொடுத்த ஹீட்டர்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மேற்குக் கரையோரமாகக் கேம்பர் வேனில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) போக நினைக்கும் சென்னைக்காரர்கள், வேனின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹீட்டர் எப்படி என்று கேளுங்கள். டாஸ்மன் கடலின் ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலையில் முட்டி, இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தக் கரையில் உள்ள ஹொகிடிகா என்ற ஊரில் ஆண்டுக்குச் சுமார் 2,900 மில்லிமீட்டர் மழை, நமக்கு 1,400. நம் மழையாவது ஐப்பசி, கார்த்திகை என்று பருவம் பார்த்துக் கொட்டும். அங்கே எல்லா மாதமும் கார்த்திகைதான்.

அக்கா, அத்தான், நான் மூவரும் கிரைஸ்ட்சர்ச்சில் வேன் எடுத்தோம். மேல்படுக்கைக்கு நேர் மேலே கூரை ஜன்னல். அதன் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தது புனகைகி என்ற கரையோர ஊரில் நள்ளிரவில்தான் தெரிந்தது; முதல் சொட்டு அத்தானின் நெற்றியில். காலையில் நிறுவனத்துக்குப் போன் செய்தால், "துண்டு வைத்து அடைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அக்கா போனை வாங்கிப் பேசிய பிறகு, ஹொகிடிகாவில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். பசை பூசப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செலவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

டீசல் ஹீட்டருக்கு முழு மதிப்பெண். புகையை வெளியே தள்ளிவிட்டு உலர்ந்த சூட்டை மட்டும் உள்ளே விடுகிறது. இரவு தொங்கவிட்ட ஜீன்ஸ் காலையில் காய்ந்திருந்தது. குளிர் காயக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அது ஆபத்து; போதாக்குறைக்கு எரிவாயு எரியும்போது வரும் நீராவி கண்ணாடியெல்லாம் முத்து முத்தாகப் படிந்து தலையணையை நனைக்கும்.

சமையல் வேறு கதை. அக்கா கடுகு தாளித்தாள், புகை அலாரம் அலறியது. கதவைத் திறந்தால் சாண்ட்ஃபிளை என்ற கடிக்கும் குட்டி ஈ படையெடுக்கிறது. கதவுக்கு வலை வைக்க அந்த நிறுவனத்துக்கு ஏன் தோன்றவில்லையோ! இருட்டிய பிறகு அது கடிப்பதில்லை என்பதால் ரசம் இரவுக்கு மாறியது. ரசப்பொடி கொண்டுபோகிறவர்கள் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

ஓட்டுவது சிரமமில்லை. இடப்பக்கச் சாலை, நம் ஊர் உரிமமே செல்லும். ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள்தான் நிறைய. அண்ணா சாலையில் ஓட்டிப் பழகிய அத்தானுக்கு, எதிரே வருபவருக்காக ஒதுங்கி நிற்பது கொஞ்சம் தன்மானப் பிரச்சினையாக இருந்தது.

இத்தனைக்கும் இந்தக் காட்டை மழையில்தான் பார்க்க வேண்டும். ஹாஸ்ட் என்ற ஊருக்கு வடக்கே ஷிப் க்ரீக்கில் வேனை நிறுத்திப் பலகை நடைபாதையில் போனோம். சேற்று நீரில் கஹிகடேயா மரங்கள், நியூசிலாந்திலேயே உயரமாக வளரும் இனம். அடி முதல் பாசியும் பெரணியும். இலைச்சாறு இறங்கிய ஓடை பால் விடாத டீயின் நிறத்தில் ஓடுகிறது. அதன் வழியே சில நிமிடம் நடந்தால் கடற்கரை. புனகைகியில் அடுக்கடுக்கான சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்க ஓதம் ஏறும் நேரம் கேட்டுப் போங்கள். துளைகள் வழியே கடல் பீய்ச்சுவது அப்போதுதான்.

பணத்தில் ஒரு சூட்சுமம். அங்கே டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனி. எங்களிடம் வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கினார்கள். தி.நகரில் பதிவு செய்து கொடுத்தவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வது யார் என்பதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.