கேக் டின்: கறுப்பு நான்ஸ்டிக்கா, வெள்ளை அலுமினியமா?

கோயம்புத்தூர் பெரிய கடைவீதிப் பக்கம் ஏதாவது ஒரு பாத்திரக் கடைக்குள் போய் "கேக் டின் இருக்குங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் எடுத்து நீட்டுவது கறுப்பு நான்ஸ்டிக்காகத்தான் இருக்கும். "இதுல ஒட்டவே ஒட்டாதுங்க அம்மணி" என்ற உத்தரவாதமும் கூடவே வரும். அலமாரியின் கீழ்த்தட்டில் மங்கலான வெள்ளையில் அலுமினிய டின்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை நாமாகக் கேட்டால்தான் எடுப்பார்கள். வீட்டில் ஒரு சின்ன ஓடிஜி (மேஜை மேல் வைக்கும் மின்சார அவன்) வைத்துக்கொண்டு பிறந்தநாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கேக் சுடுகிறவர்களுக்கு நான் சொல்வது: வட்ட டின்னும் சதுர டின்னும் கீழ்த்தட்டிலிருந்தே வாங்குங்கள். நான்ஸ்டிக்குக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் வேறு.

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. புது நான்ஸ்டிக்கில் எண்ணெயை விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அடுப்பிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் கேக் சுவரை விட்டு விலகி நிற்கும், கவிழ்த்ததும் தானாக இறங்கும். ஆனால் தட்டையான அடி உள்ள டின்னில் இதே வேலையை ஒரு பட்டர் பேப்பர் செய்துவிடுகிறது. டின்னைக் காகிதத்தின் மேல் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு வெட்டி அடியில் போட வேண்டும், சுவரில் எண்ணெய் தடவி மைதா தூவித் தட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. எத்தனை வருடம் ஆனாலும் இந்த முறை தேயாது.

தடவுவது எதை என்பதில்தான் நம்மூரில் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஊத்துக்குளி வெண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று அதையே டின்னிலும் பூசுவார்கள். வெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரும் பால் சத்தும்தான். அந்தப் பால் சத்து சூட்டில் தீய்ந்து பசையாகப் பிடித்துக்கொள்ளும். வெண்ணெய் மாவுக்குள் போகட்டும், டின்னுக்கு உருக்கின நெய்யோ எண்ணெயோ போதும். நான்ஸ்டிக் வைத்திருப்பவர்கள் டப்பாவில் வரும் ஸ்பிரேயைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் லெசித்தின் சூட்டில் காய்ந்து மஞ்சள் பிசுக்காகப் படியும். தேய்த்தாலும் போகாது. அந்தப் பிசுக்கு ஏறிய பிறகு நான்ஸ்டிக்கிலும் கேக் ஒட்டும்.

ஒட்டுவதைவிடப் பெரிய வித்தியாசம் சூட்டில் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் நான்ஸ்டிக் டின்களில் பெரும்பாலானவை மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு பூசியவை. அந்த இரும்பைவிட அலுமினியம் நாலைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எவர்சில்வரோடு பார்த்தால் 15 மடங்கு பக்கம் வரும். அதனால் அலுமினிய டின்னில் ஓரத்துக்கும் நடுவுக்கும் சூடு கிட்டத்தட்ட ஒன்றாகப் போய்ச் சேரும். நிறமும் சேர்ந்துகொள்கிறது. ஓடிஜி சின்னப் பெட்டி, காய்ந்து சிவக்கும் கம்பிகள் டின்னுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன. கறுப்பு அந்தக் கதிர்ச் சூட்டை இழுத்துக்கொள்ளும், வெள்ளை அலுமினியம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

நாட்டுச்சர்க்கரை போட்ட வாழைப்பழக் கேக்கில் இது அப்பட்டமாகத் தெரியும். கவுந்தப்பாடி சர்க்கரை, அதாவது பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சரக்கு, வெள்ளைச் சீனியைவிடச் சீக்கிரம் நிறம் மாறும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து 180 டிகிரியில் இரண்டு டின்னிலும் வைத்தால், கறுப்பு டின்னில் ஓரம் முன்னாலேயே இறுகிவிடும். நடு மட்டும் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும். போக இடமில்லாமல் மேலே கோபுரமாக எழும்பி வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் சுற்றிலும் ஒரு விரல்கடை கருஞ்சிவப்பு, கடித்தால் லேசான கசப்பு. வெள்ளை டின்னில் மேல் மட்டமாக, சுவர் ஓரம் வரை ஒரே பழுப்பாக இருக்கும். கறுப்பு டின்தான் கையில் இருக்கிறது என்றால் ரெசிபியில் 180 என்று போட்டிருப்பதை 165 ஆக்குங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே குச்சி குத்திப் பாருங்கள். அதைச் செய்தால் கறுப்பு டின்னிலும் நல்ல கேக் வரும். சர்க்கரை அதிகம் போட்ட எந்தக் கேக்கையும் டின்னிலேயே ஆறவிடக் கூடாது. பாகு இறுகினால் அது எந்த டின்னானாலும் பிடித்துக்கொள்ளும்.

பிரெட் என்றால் கணக்கு தலைகீழ். ஓரம் சிவக்க வேண்டும், மேலோடு மொறுமொறுவென்று வர வேண்டும். அதற்குக் கறுப்பு டின்தான் சரி. பன்னுக்கும் அப்படியே.

அப்புறம் ஆயுள். நான்ஸ்டிக் பூச்சு செருப்பு மாதிரி, தேயத்தான் செய்யும். எத்தனை நாளில் என்பது நம் கையில். கேக்கை டின்னுக்குள் வைத்தே கத்தியால் துண்டு போட்டால் முதல் நாளே கோடு விழுந்துவிடும். வேலைக்கு வருகிற அக்கா கம்பி நாரால் ஒரு தேய் தேய்த்தால் கதை முடிந்தது. நிறையப் பேர் கவனிக்காத இடம் விளிம்பு. தகட்டை வெளிப்பக்கம் உருட்டி மடித்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் பூச்சு சரியாக ஏறியிருக்காது. கழுவிக் கவிழ்க்கும்போது தண்ணீர் அதற்குள் போய் நின்றுவிடும். கொஞ்ச நாளில் மடிப்பின் கீழே செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரியும், துணியால் துடைத்தால் துணியில் ஒட்டும். உள்ளே பூச்சு நன்றாகவே இருக்க, விளிம்பிலிருந்து துரு இறங்க ஆரம்பித்திருக்கும். கழுவித் துடைத்ததும் இன்னும் சூடாக இருக்கிற ஓடிஜிக்குள் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் இதைத் தடுக்கலாம். அடுக்கி வைக்கும்போது நடுவில் ஒரு துணி போடுவதும் நல்லது.

அலுமினியத்துக்குத் துருத் தொல்லை இல்லை. ஆனால் நிறம் கெடும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் வெள்ளையாகவே இருக்கும் டின், சப்பைத் தண்ணீரில் புழங்கும் வீட்டில் சீக்கிரம் கறுத்துவிடும். காரத்தன்மையும் உப்பும் சேர்ந்த தண்ணீர் செய்கிற வேலை அது. பார்க்க அசிங்கம், கேக்குக்கு ஒன்றும் ஆகாது. புளிப்புதான் உண்மையான பகை. எலுமிச்சைச் சாறு ஊற்றிய கேக்கை அலுமினிய டின்னிலேயே இரவு முழுக்க விட்டால் உலோக வாடை ஏறும். இந்தத் தொல்லையும் வேண்டாம் என்பவர்கள் அனோடைஸ் செய்த, அதாவது மின்சார முறையில் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய அலுமினியம் வாங்கலாம். புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. விலைதான் கூடுதல். சாதா அலுமினியம் நசுங்கினாலும் பழைய பாத்திரக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார் என்பது உபரி லாபம்.

நான்ஸ்டிக் எங்கே ஜெயிக்கிறது என்றால், காகிதம் போட முடியாத இடங்களில். மஃபின் ட்ரே, நடுவில் குழாய் வைத்து வரி வரியாக மடிப்பு உள்ள பண்ட் டின், சிப்பி அச்சு. இந்த மடிப்புகளில் அலுமினியத்தை வைத்துக்கொண்டு நெய்யும் மாவும் பூசி வேண்டிக்கொள்வதைவிட நான்ஸ்டிக் வாங்குவதே புத்திசாலித்தனம். கம்பு, ராகி போட்டுச் சுடுகிறவர்களுக்கு இன்னும் அவசியம். சிறுதானியத்தில் கோதுமையில் இருக்கிற இழுவைச் சத்து கிடையாது. கேக் கொஞ்சம் பிடித்தாலும் மண்ணாக உதிரும். அந்த மாவை எட்டு அங்குல டின்னில் ஊற்றிக் கவிழ்க்கும்போது பயப்படுவதற்குப் பதில், நான்ஸ்டிக் மஃபின் ட்ரேயில் சின்னச் சின்னதாகச் சுட்டால் ஒன்று கூட உடையாமல் வரும். வாங்கும்போது தூக்கிப் பார்த்துக் கனமானதாக எடுங்கள். விரலால் அழுத்தினால் நெளிகிற ட்ரே சூட்டில் முறுக்கிக்கொண்டு மாவை ஒரு பக்கம் சரிக்கும்.

நான்ஸ்டிக் என்றாலே விஷம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே என்பார்கள். கேக் சுடுவது 160, 180 டிகிரியில். நான்ஸ்டிக்கில் வழக்கமாக இருக்கும் டெஃப்லான் பூச்சுக்குச் சொல்லும் மேல் எல்லை 260 டிகிரி. பல டின்களின் அட்டையில் பாதுகாப்பாக 220, 230 என்றே போட்டிருப்பார்கள். ஆகவே கேக்குக்குக் கவலையில்லை. 250 டிகிரியில் பீட்சா சுட மட்டும் பூச்சில்லாத தட்டை எடுங்கள். பூச்சு தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம் 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது. "பிஎஃப்ஓஏ இல்லை" என்று அட்டையில் இருந்தால் டெஃப்லானே இல்லை என்று அர்த்தமில்லை, அந்த ஒரு ரசாயனம் இல்லை என்றுதான் அர்த்தம். செராமிக் பூச்சு வேறு வகை, மணலில் இருக்கும் சிலிக்கா சார்ந்தது. சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் ஒட்டாத குணம் டெஃப்லானைவிடச் சீக்கிரம் போய்விடும்.

மற்றவை சுருக்கமாக. கண்ணாடி மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். புட்டிங்குக்கு அருமை, கேக்குக்கு வேண்டாம். சிலிக்கான் அச்சில் கேக் ஒட்டாது, சிவக்கவும் செய்யாது, தூக்கினால் தொளதொளக்கும். சாக்லேட் ஊற்ற வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர் போசியில் நடு வேகும் முன் அடி தீயும். முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஷிஃபான் கேக்குக்கு நான்ஸ்டிக் அறவே ஆகாது. அந்த மாவு சுவரைப் பிடித்துத்தான் மேலே ஏறும், வழுக்கினால் படுத்துவிடும். அதற்கு எண்ணெய் தடவாத வெறும் அலுமினியம்.

ஓடிஜி இல்லாமல் குக்கரில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அங்கே சூடு எத்தனை டிகிரி என்று காட்ட ஒன்றுமே கிடையாது. தண்ணீர் இல்லாத குக்கரின் அடி 260ஐச் சுலபமாகத் தாண்டும். அங்கே வைப்பது அலுமினிய டின்னாகவே இருக்கட்டும், அதுவும் நேராக உப்பின் மேல் வைக்காமல் ஒரு ஸ்டாண்டின் மேல்.