உள்ள தெரியுற பூட்டு, 17 கம்பி: 2 மாசம் பழகிட்டு எழுதுறேன்

பூட்டு வேலை கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க புளோக் கீழ சீன அங்கிள் ஒருத்தரு செருப்பு தைக்கிறதும் சாவி வெட்டுறதுமா சின்னக் கடை வச்சிருக்காரு, அவரு வேலைய நின்னு பார்த்துப் பார்த்தே வந்த ஆசை இது. கோர்ஸ் எதுக்கும் போகல. ஆன்லைன்ல 28 வெள்ளிக்கு, சாவி இல்லாம கம்பியால பூட்டு திறந்து பழகுற இந்த செட்டு வாங்குனேன், உள்ள இருக்குறது வெளிய தெரியுற அக்ரிலிக் பூட்டு ஒண்ணு, ரெண்டு சாவி, தோல் பையில 17 கம்பி.

முதல்ல பூட்டப் பத்தி சொல்றேன், கொடுத்த காசுக்கு அதுதான் லாபம். 1861ல லைனஸ் யேல் ஜூனியர் பேட்டன்ட் எடுத்த அமைப்பு இது, உள்ள 'பின்'னு சொல்ற குட்டிக் குட்டி உலோகக் குச்சிங்க இருக்கும், இன்னைக்கும் நம்ம கேட்டுல தொங்குற பூட்டுல பெரும்பாலும் அதேதான். பூட்டுக்குள்ள வரிசையா துளைங்க, ஒவ்வொரு துளையிலயும் கீழ ஒரு பின், மேல ஒரு பின், அதுக்கு மேல ஸ்பிரிங். சரியான சாவி போட்டா ரெண்டு பின்னும் சேர்ற இடம் எல்லாத் துளையிலயும் ஒரே கோட்டுல வந்து நிக்கும், சாவி நுழையுற உருளை சுத்தும். இத வீடியோவுல நூறு தடவ பார்த்திருப்பேன், ஆனா கையில வச்சு சாவிய மெதுவா உள்ள விட்டு பின்னுங்க ஏறி இறங்குறத பார்த்தப்பதான் மண்டையில ஏறுச்சு. இன்னொண்ணும் புரிஞ்சது, துளைங்க நேர்கோட்டுல இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் மயிரளவு வித்தியாசம் இருக்கும், அதனால திருகுக் கம்பிய சாவித் துளையில விட்டு உருளைய லேசா திருகிப் புடிச்சா எல்லாப் பின்னும் ஒண்ணா இறுகாது, ஒண்ணு மட்டும் முதல்ல இறுகும், அதத் தூக்கி உக்கார வச்சா அடுத்தது இறுகும். கம்பியால திறக்க முடியுறதே இந்தக் குறையாலதான்.

ஆனா 2 நாளுக்கு மேல இதுல பழகாதீங்க. கண்ணு பார்த்துக்கிட்டே இருந்தா கை கத்துக்காது. அதோட இது ரொம்ப லூசு, ரம்பப் பல்லு மாதிரி இருக்குற கம்பிய முன்னும் பின்னும் இழுத்தாலே திறந்துடுது. நான் ஒரு வாரம் இதையே திறந்து திறந்து சந்தோஷப்பட்டுட்டு அப்புறம் நாலு பின் உள்ள மாஸ்டர் லாக் 3ம் நம்பர் பூட்டு எடுத்தேன், மூணு நாள் ஆச்சு திறக்க! காரணம் திருகுற கை. அவ்ளோ அழுத்திட்டு இருந்தேன். ஒரு விரல் நுனியோட கனம் போதும், அது அக்ரிலிக் பூட்டுல தெரியவே தெரியாது.

கம்பிங்க சுமார்தான். 17ல நான் தொடுறது மூணே மூணு, நுனி வளைஞ்ச சின்ன ஹூக், நடுத்தர ஹூக், அப்புறம் ரேக்னு சொல்ற அந்த ரம்பப் பல்லுக் கம்பி ஒண்ணு. ஓரமெல்லாம் சொரசொரன்னு வந்துச்சு, 400 அப்புறம் 1000 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச பிறகுதான் பின் உக்கார்ற 'க்ளிக்' விரலுக்குத் தெரிஞ்சது. திருகுக் கம்பி தடிமன், சாவித் துளையில பாதி இடத்த அதுவே அடைச்சுக்குது. அத மட்டும் தனியா நல்லதா வாங்கிக்குங்க.

அம்மா ஊர்லேருந்து கொண்டு வந்த பழைய திண்டுக்கல் பூட்டையும் முயற்சி பண்ணேன், 2019ல புவிசார் குறியீடு வாங்குச்சே அந்தப் பூட்டு. இந்த செட்டு அதுகிட்ட ஒண்ணும் ஆகல. உள்ள பின்னே கிடையாது, லீவர் தகடுங்க. ஒவ்வொரு தகடும் தன் உயரத்துக்குத் தூக்கணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, அதுக்கு வேற கருவி வேணும். லீவர் பூட்டு திறக்க முடியாததுன்னும் இல்ல, 1851ல ஆல்ஃபிரட் ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர் லண்டன்ல 'சப்' (Chubb)னு பேர்போன பூட்டுக் கம்பெனியோட லீவர் பூட்டையே திறந்து காட்டியிருக்காரு.

தொழிலா எடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. அங்கிள் கிட்ட செட்ட காட்டுனேன், திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு மலாயும் இங்கிலீஷும் கலந்து சொன்னாரு, திறக்கக் கூப்பிடுறது கொஞ்சம்தான்பா, கதவுப் பூட்டுல உருளையும் பின்னும் இருக்குற சிலிண்டர மாத்துறது, சாவி வெட்டுறது, இப்ப டிஜிட்டல் லாக் மாட்டுறது, சோறு போடுறது அதான்னு. அன்னைக்கே ஒரு பழைய சிலிண்டர கையில கொடுத்துப் பிரிச்சு மாட்டச் சொன்னாரு. உருளைய வெளிய இழுத்தேன், ஸ்பிரிங் எல்லாம் மேசையெல்லாம் பறந்துச்சு. உருளைக்குப் பின்னாலேயே அதே கனத்துல ஒரு குச்சிய தள்ளிக்கிட்டே வரணுமாம். அந்தக் குச்சியும், கழட்டுன பின்னுங்கள போட்டு வைக்கிற தட்டும் இந்த செட்டுல இல்ல, இருந்திருந்தா கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன்.

வீட்டுக் கதவுலயோ லெட்டர் பாக்ஸுலயோ பழகாதீங்க, பின் நசுங்கி சொந்த சாவியே போகாம நிக்கும். சொந்தப் பூட்டு, அதுவும் புழக்கத்துல இல்லாத பூட்டு மட்டும். செட்ட வீட்டுலயே வைங்க, பையில போட்டுக்கிட்டு எம்ஆர்டி ரயில்ல சுத்த வேணாம்.

3 ஸ்டார், அதுல ரெண்டரை அந்த அக்ரிலிக் பூட்டுக்கு. பூட்டு மட்டும் தனியா வித்தா அதையே எடுங்க, மிச்சக் காசுக்கு ஒரு பித்தளைப் பூட்டும் ஒரு நல்ல திருகுக் கம்பியும் வந்துடும்.