உயரக் கயிற்றுப் பாதை: பயமிருந்தாலும் ஏறிப் பாருங்கள்

விடுமுறைக்குப் போன இடத்தில் மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த உயரக் கயிற்றுப் பாதையில் ஏறினேன், அவ்வளவு பிடித்துவிட்டது. முக்கியக் காரணம் அவர்கள் சொல்லிக்கொடுத்த விதம். இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையை இறுக்கிவிட்டு, முதலில் தரையை ஒட்டிய கம்பியிலேயே பழக வைத்தார்கள். ஹார்னஸோடு இணைத்த இரண்டு கொக்கிகளில் ஒன்றைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும், எந்த நேரமும் ஒன்றாவது மாட்டியே இருக்க வேண்டும் என்பது கைக்குத் தானாக வரும்வரை மேலே விடவில்லை.

அப்புறம் ஆடும் பலகைகள். ஒன்றில் கால் வைத்தால் அடுத்தது விலகிப் போகிறது. நடுவில் தொடை நடுங்கி நின்றுவிட்டேன். கீழே நின்ற பயிற்சியாளர், “அவசரமே இல்லைங்க, காலைப் பார்க்காதீங்க, எதிரே இருக்கிற மரத்தைப் பாருங்க” என்றார். அப்படியே செய்தேன், கடந்துவிட்டேன்.

கடைசியில் ஜிப்லைன், அதாவது கம்பியில் தொங்கியபடியே சறுக்கிப் போவது. காதில் கம்பி உரசும் சத்தம் மட்டும்தான். சரி, குறை? மேடைகளில் காத்திருப்பு அதிகம், கொடுத்த கையுறையும் தொளதொளவென்று இருந்தது. காலை முதல் சுற்றிலேயே போய்விடுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.