உப்புக்காற்று ஊரில் பிரீமியம் கேமிங் லேப்டாப்: டெஸ்க்டாப்பை விற்றுவிடலாமா?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, வாலிநோக்கம் என்று இந்த ராமநாதபுரம் கரையில் அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு இருக்கிறது, அடிக்கடி வெளியூர் போகிற வேலையும் இல்லை என்றால், கேமிங் டெஸ்க்டாப்பை விற்றுவிட்டு மெல்லிய பிரீமியம் லேப்டாப் வாங்குவது நஷ்டக் கணக்கு. ராமநாதபுரம் டவுன், பரமக்குடி என்று உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கும், ஹாஸ்டலுக்கும் வீட்டுக்குமாக அலைகிற பிள்ளைகளுக்கும் லேப்டாப் தாராளமாகப் போதும். ஆனால் எந்த லேப்டாப் என்று பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் வேகம். அதைத் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் சிப். பெட்டியின் மேல் ஒரே பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே சிப் அல்ல. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 கோர் (கணக்குப் போடும் அலகு), 24 ஜிபி மெமரி; 450 வாட் வரை இழுக்கும். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 9,728 கோர், 16 ஜிபி. அது உண்மையில் டெஸ்க்டாப் 4080-இன் சிப். அதையே 320 வாட்டுக்குப் பதில் அதிகபட்சம் 175 வாட்டில் ஓட்டுகிறார்கள். அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான். டெஸ்க்டாப் 5090-இல் 21,760 கோர். லேப்டாப் 5090-இல் 10,496. டெஸ்க்டாப் 5080-இல் இருக்கும் 10,752-ஐ விடவும் இது குறைவு.

கீழ்ப்படிகளில் இந்த இடைவெளி சுருங்கும். 4060 இரண்டு பக்கமும் ஒரே சிப், 3,072 கோர், 8 ஜிபி. ஆகவே 4060 டெஸ்க்டாப் வைத்திருப்பவர் 4060 லேப்டாப்புக்கு மாறினால், போதிய வாட் கொடுக்கும் மாடலாக இருக்கும்பட்சத்தில், பெரிதாக இழப்பதில்லை. சிக்கல் நடுப்படியில். லேப்டாப் 4070, லேப்டாப் 5070 இரண்டுக்கும் 4,608 கோரும் 8 ஜிபியும்தான். டெஸ்க்டாப்பில் இரண்டுமே 12 ஜிபி. இன்றைய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தெளிவை) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிறைந்துவிடும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்கிற சராசரி நன்றாகக் காட்டிக்கொண்டே நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும். லேப்டாப்பில் 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ-க்கு ஏற வேண்டும். என்னைக் கேட்டால், லேப்டாப் 5070-க்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட ஒன்று 5060-இல் நின்றுகொள்ளுங்கள், இல்லை 5070 டிஐ-க்குப் போங்கள்.

பெயருக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது வாட். அசுஸ் செஃபிரஸ் ஜி16 2024 மாடலில் 4090 போட்டதும் உண்டு. 2 கிலோவுக்குள் எடை, அழகான ஓஎல்இடி திரை. ஆனால் அதன் சிப்புக்குக் கிடைப்பது 115 வாட். அதே 4090-ஐ லெனோவோ லீஜியன் புரோ 7ஐ எட்டாம் தலைமுறை 175 வாட்டில் ஓட்டுகிறது. விலையாக நீங்கள் சுமப்பது 2.8 கிலோ உடலும், செங்கல் போன்ற 330 வாட் அடாப்டரும். கடைக்காரர் 'ரெண்டும் 4090 தான் தம்பி' என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். கம்பெனி தளத்தில் விவரப் பக்கத்தைத் திறந்து அதிகபட்ச கிராஃபிக்ஸ் வாட் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதாத மாடலை விட்டுவிடலாம்.

ரேமும் அங்கேயே தெரியும். செஃபிரஸில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது. 16 ஜிபி வாங்கினால் கடைசி வரை 16 ஜிபிதான். லீஜியனில் இரண்டு ஸ்லாட் உண்டு, கழற்றி மாட்டலாம்.

இனி வெப்பம். ஏசி இல்லாத அறையில் சித்திரை வைகாசியில் 34, 35 டிகிரி சாதாரணம். விமர்சனக் காணொளிகளில் காட்டுவதெல்லாம் 22, 23 டிகிரி அறையில் எடுத்த அளவு. அறை 10 டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடும். மெல்லிய லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப் 87 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே 82-இல் ஓடிய மெஷின் இங்கே முதல் கால் மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும். பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கி வைப்பது, கிராஃபிக்ஸ் வாட்டை 15, 20 குறைத்துவிடுவது, ஃபிரேமை 90-இல் பூட்டுவது மூன்றும் பலன் தரும். கூலிங் பேடில் ரப்பர் விளிம்பு வைத்து அடைத்துக்கொள்ளும் வகை மட்டும் வாங்கத்தக்கது. சும்மா ஃபேன் சுற்றும் வகை சத்தத்தைத்தான் கூட்டும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கரைக்கென்றே உள்ள எதிரி உப்பு.

காற்றில் வரும் உப்புத் துகள் ஃபேன் வழியாக உள்ளே போய் போர்டில் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அடுப்படி உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். கரையோரத்தில் ராத்திரி ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியே நிற்கும். போதாததற்கு, கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீதத்திலேயே ஈரம் பிடிக்கும். ஏசி அறைகூட அதை முழுக்க உலர்த்தாது. இப்படி உருவாகும் மெல்லிய உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்துச் சிப் கால்களுக்கு இடையே மின்னழுத்தம் இருந்தால் செம்பும் வெள்ளீயமும் மெல்லக் கரைந்து நகரும். பச்சை பூக்கும், ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

இந்த இடத்தில்தான் டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் பிரிகின்றன. டெஸ்க்டாப்பில் பவர் சப்ளையின் பின்சுவிட்சை அணைத்தால் போர்டில் கரன்ட்டே கிடையாது. கடிகார பேட்டரியை விட்டால் மொத்தமும் செத்த நிலை. படலம் இருந்தாலும் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாலும் உள்ளே பேட்டரி இணைந்தேதான் இருக்கிறது. சில தடங்களில் எப்போதும் மின்னழுத்தம் நிற்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பீரோவில் பூட்டி வைத்த லேப்டாப், தினமும் ஓடும் லேப்டாப்பைவிட வேகமாகக் கெடுவது இதனால்தான். ஓடும் மெஷினின் சூடே ஈரத்தை விரட்டிவிடுகிறது.

கெட்ட பிறகு என்ன ஆகும் என்பது அதைவிட முக்கியம். டெஸ்க்டாப்பில் முதலில் துரு ஏறுவது கேபினெட் ஓரமும் கிராஃபிக்ஸ் கார்டின் பிராக்கெட்டும். பார்க்க அசிங்கம், வேலைக்குக் குறைவில்லை. அடுத்து ரேம் கால்கள் கறுத்து மெஷின் ஆன் ஆகாமல் பீப் அடிக்கும். கழற்றி, பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். மதர்போர்டே போனாலும் மாற்றுவது அது ஒன்றைத்தான். லேப்டாப்பில் பிராசஸர், கிராஃபிக்ஸ், பல மாடல்களில் ரேமும் எல்லாமே ஒரே போர்டு. 'போர்டு போச்சுண்ணே' என்று ஒரு வார்த்தை வந்தால் லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் கேட்கும். அரிப்பும் ஈரச் சேதமும் சாதாரண வாரண்டியில் வராது. விபத்துக் காப்பு வாங்கினாலும் அதில் அரிப்பு சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகளின் பழுதுக்கு மதுரைதான் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதைப் பணம் கட்டும் முன் பாருங்கள்.

ராணுவத் தரம் என்று 810எச் முத்திரை ஒட்டி விற்பதை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். அந்தத் தரத்தில் உப்புப் பனிக்கென்று 509 என்ற தனிச் சோதனை இருப்பது உண்மை. ஆனால் எந்தெந்தச் சோதனை செய்வது என்பது கம்பெனியின் விருப்பம். பட்டியலில் 509 இல்லையென்றால் முத்திரை இங்கே வெறும் ஸ்டிக்கர்.

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். டெஸ்க்டாப்பில் உள்ளே இழுக்கும் ஃபேன்களை வெளித்தள்ளும் ஃபேன்களைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள். அப்போது காற்று வலைவடிகட்டி வழியாக மட்டும் நுழையும், இண்டு இடுக்கில் புகாது. அந்த மாதங்களில் வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், அதுவும் குடிதண்ணீரில். போர் தண்ணீரில் கழுவினால் நீங்களே உப்பைப் பூசி மாட்டுகிறீர்கள் என்று அர்த்தம். லேப்டாப்பில் கழற்றும் வடிகட்டி கிடையாது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளோ மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு சின்ன மின் புளோயரால் ஊதுங்கள். இறக்கையை விட்டால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசரைத் தொடவே வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து போர்டில் தெறிக்கும்.

லேப்டாப்பைத் திறக்கும்போது சூட்டைக் கடத்த சிப் மேல் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் போட்ட மாடலா என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். உயர்ரக மாடல்கள் பலவற்றில் இப்போது அதுதான். ஃபேன் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க்கைத் தூக்கினால் அது சிதறி ஷார்ட் ஆகும், அலுமினியத்தில் பட்டால் அரிக்கும். சாதாரண பேஸ்ட் மட்டும் மாற்றிப் பழகிய கடையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

கரன்ட் விஷயத்தில் லேப்டாப்தான் ஜெயிக்கிறது, அதுவும் நல்ல வித்தியாசத்தில். 5070 போட்ட டெஸ்க்டாப் மானிட்டரோடு சேர்த்து விளையாடும்போது 400 வாட் இழுக்கும். பிரீமியம் லேப்டாப் 200-க்குள் முடிக்கும். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 96 யூனிட்டுக்கு 48 யூனிட். ஏசியும் ஓடும் வீட்டில், கட்டண விகிதம் மாறும் 500 யூனிட் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானித்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி ஒன்று என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. கையில் கிடைப்பது சுமார் 1,100, 1,200. டெஸ்க்டாப்புக்கு மூன்று மணி நேரத்துக்குள் தீரும், ஃபேனும் லைட்டும் ஓடினால் இன்னும் முன்னதாக. லேப்டாப் ஐந்து மணி நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மாலையில் கொடுக்கிற நாளில் இதன் அருமை தெரியும்.

டெஸ்க்டாப்போடு இன்வெர்ட்டர் வைப்பவர்கள் இரண்டு கவனிக்க வேண்டும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் இன்றைய பவர் சப்ளைகள் ரீங்காரமிடும், சில அணைந்தேவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். கரன்ட் போனபின் பவர் சப்ளை தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்ட்; நார்மல் மோடில் மாற்றம் அதற்கு மேல் ஆனால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் தெருவில் கரன்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். அந்தத் தெருக்காரர்களுக்கு ஸ்டெபிலைசர் இல்லாமல் டெஸ்க்டாப் தலைவலிதான். லேப்டாப் அடாப்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஓடும்.

ஒன்று மட்டும்: லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரன்ட் போனாலும் அதே வேகத்தில் விளையாடலாம் என்று நினைக்க வேண்டாம். விமானத்தில் தடையில்லாமல் கொண்டுபோக 100 வாட்-மணி வரம்பு இருப்பதால் யாரும் அதற்கு மேல் பேட்டரி வைப்பதில்லை. அதில் 200 வாட் உருவ முடியாது; பிளக்கைப் பிடுங்கியதும் வேகம் பாதிக்குப் பாதி குறையும். கேமைச் சேமித்துவிட்டு வெளியே வர அது போதும்.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் துபாயிலிருந்து மச்சானோ மாமாவோ வாங்கி வரும் லேப்டாப் நிறைய. விலை லாபம்தான். ஆனால் சர்வதேச வாரண்டி கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்; அங்கே வாங்கும் முன் சீரியல் எண்ணைப் போட்டு இந்தியாவில் செல்லுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடாப்டர் கம்பியின் பிளக் மூன்று பட்டைக்கால் வகையாக இருக்கும். மலிவு கன்வெர்ட்டர் மாட்டி 330 வாட் இழுத்தால் அது சூடாகி உருகவும் கூடும். அடாப்டரில் நுழையும் முனையைப் பார்த்து அதே அளவில் இந்தியப் பவர் கார்டு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

மேக்புக் புரோவைப் பற்றியும் கேட்பார்கள். வீடியோ எடிட்டிங்குக்கு அருமை, கேமிங் டெஸ்க்டாப்புக்கு மாற்று அல்ல. வாலரண்ட் போன்ற கேம் அதில் ஓடவே ஓடாது.

இவ்வளவுக்குப் பிறகும் லேப்டாப்தான் வேண்டும் என்கிறவர்கள் கவனத்துக்கு. 2 கிலோ அழகை விட்டுவிட்டு, ரேம் ஸ்லாட் உள்ள, தடித்த, 140 வாட்டுக்கு மேல் கொடுக்கும் மாடலாக எடுங்கள். சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் பேட்டரி இந்தச் சூட்டில் சீக்கிரம் உப்பும். டச்பேட் அழுத்த வராமல் மேலே எழும்பி நின்றால் அதுதான் முதல் அடையாளம், அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து திண்ணைக்கு எடுத்துப் போனால் அரை மணி நேரம் பையிலேயே விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் உடனே நீர் பூக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் வைப்பதென்றால், பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது நுழையும் அடிப்படை செட்டிங்ஸ்) பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று தெரியும். வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம்.

பில் போடும்போதே இரண்டாவது அடாப்டரின் விலையையும் கேட்டுவிடுங்கள். 240 வாட், 330 வாட் அடாப்டர் உள்ளூர்க் கடையில் தொங்காது, ஆர்டர் போட்டுத்தான் வரவேண்டும். அது வரும் வரை 100 வாட் டைப்-சி சார்ஜரில் படிக்கலாம், எழுதலாம். கேம் தொட்டால் சார்ஜ் ஏறாமல் இறங்கும்.