சுவரைப் பிடித்த கூரையா, தனித்து நிற்கும் கூரையா?

முற்றத்துக்குக் கூரை போடும்போது ஷீட்டும் நிறமும் அப்புறம். முதல் முடிவு, கூரை எதைப் பிடித்து நிற்கும் என்பதுதான்.

சுவரோடு இணைத்தால் ஒரு வரிசைத் தூண் தேவைப்படாது; நனையாமல் வாசலைத் தாண்டலாம். ஆனால் கூரையின் பாதிப் பாரம் சுவரில் ஏறும். போல்ட் பூச்சைத் தாண்டி செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறுக வேண்டும். சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. கூரை சுவரைத் தொடும் இடத்தில் ஒரு உலோகத் தகட்டைச் சுவருக்குள் செருகி இடைவெளியை மூட வேண்டும். சிலிகான் மட்டும் பூசுவதை நான் ஏற்கவே மாட்டேன். வெயிலில் விரிந்து சுருங்கிப் பிரிந்துவிடும், மழைநீர் நேராக உள்ளே இறங்கும். உயரத்தையும் பாருங்கள். பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக்) ஷீட்டுக்கு 5 டிகிரி சரிவு என்றால் மீட்டருக்குச் சுமார் 9 செ.மீ.; 3 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 26 செ.மீ. இறங்கும். கதவுக்கு மேல் அவ்வளவு இடம் இருக்கிறதா?

தனிக் கூரையில் இந்தத் தொல்லைகள் குறைவு. பதிலுக்கு ஆழமான அடித்தளம், தூணும் உத்தரமும் சேரும் மூலைகளில் சாய்வுச் சட்டம், இரண்டும் கட்டாயம். காற்று பக்கவாட்டில் தள்ளும், மேலேயும் தூக்கும். குழி வெட்டுமுன் குழாயும் மின்கம்பியும் போகும் வழியைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

சுவர் பழையது, உறுதி தெரியவில்லை என்றால் நான் தயங்காமல் தனிக் கூரையைத்தான் சொல்வேன்.