என்ஃபீல்டு காகிதத் தோட்டா என்று விற்கிறார்கள். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் 1853 மாடல் என்ஃபீல்டு (குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் போடும் பழைய ராணுவத் துப்பாக்கி) வைத்துச் சுடுகிறவர்கள் கவனத்துக்கு. ‘அசல் முறைப்படி சுற்றியது’ என்று விற்ற 50 காகிதத் தோட்டாக்களை வாங்கினோம். குண்டைக் காகிதத்தில் சுற்றியிருக்கும், கருமருந்து மட்டும் நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியவை. 50 கெஜத்திலேயே குறி அட்டையில் விழுந்த ஓட்டைகளில் பாதி வட்டமாக இல்லை. குண்டு புரண்டு, பக்கவாட்டில் போய்க் கிழித்திருக்கிறது.

பிரித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அசல் தோட்டாவில் இருப்பது சுற்றிலும் பள்ளமே இல்லாத வழவழப்பான குண்டு. 1859 வாக்கில் விட்டத்தை 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள். எடை 530 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). குண்டின் மூக்கு மருந்துப் பக்கம் பார்த்திருக்கும். மருந்துப் பக்கத்துக் காகித வாலைக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டியபின் தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, குண்டைக் காகிதத்தோடு குழல்வாயில் நுழைத்து, மேலே மிஞ்சும் வெறும் காகிதத்தைக் கிழித்தெறிய வேண்டும். குண்டைச் சுற்றி நிற்கும் காகிதமும், அதன் வெளிப்புறம் தோய்த்த மெழுகும்தான் குழலுக்குள் வேலை செய்கின்றன. (1857-இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த கொழுப்பு விவகாரம் இந்தத் தோட்டாவைச் சுற்றித்தான்.)

விற்றவர்கள் வைத்திருந்ததோ அமெரிக்க மினியே குண்டு (காகிதம் இல்லாமல் போடும், பள்ளங்களில் மெழுகு பூசும் வகை): 0.575 அங்குலம், அடியில் மூன்று பள்ளம். குழலின் உள்விட்டம் 0.577. இரண்டு சுற்றுக் காகிதம் சேர்ந்தால் உள்ளே போகவே போகாது. காகிதத்தை உரித்துப் போட்டால் போகும், ஆனால் மெழுகு முழுக்கக் காகிதத்தின் மேல்; பள்ளங்கள் காலி. நாலைந்து சுடுவதற்குள் குழலில் கரி இறுகிவிடுகிறது.

அதைவிட மோசம் ஈயம். நகத்தால் கீறினால் சுத்த ஈயத்தில் கோடு விழும், இதில் விழவில்லை. கலப்பு ஈயம், கடினமாக இருக்கிறது. குண்டின் அடிக்குழி வெடிப்பில் விரிந்து, குழலின் உட்சுவரில் சுழன்று போகும் மூன்று வரிகளையும் பிடித்தால்தான் சுழற்சி கிடைக்கும். இது விரியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. எடையிலும் 10 குண்டுகளுக்குள் 14 கிரெய்ன் வித்தியாசம். 2-க்கு மேல் போனாலே நாங்கள் ஒதுக்கிவிடுவோம்.

வாங்குவதற்குமுன் உங்கள் குழலை அளந்துகொள்ளுங்கள். பழைய குழல்கள் எல்லாம் 0.577 இல்லை. காகிதத்தோடு குண்டு, அதைத் தள்ளும் கம்பியின் எடைக்கே மெல்ல இறங்க வேண்டும். மருந்து 68 கிரெய்ன் என்பது அந்தக் கால ராணுவ அளவு. பழைய குழலுக்கு நிபுணர் பார்த்துச் சொன்னபிறகு, குறைவிலிருந்து ஏறுங்கள். மெழுகுக்கு 5 பங்கு தேன்மெழுகு, 1 பங்கு மாட்டுக்கொழுப்பு. கொழுப்பு கூடினால் வெயிலில் உருகி மருந்தை நனைக்கும். சுட்டபின் முன்னால் கிடக்கும் காகிதத்தைப் பொறுக்கிப் பாருங்கள்: துண்டுதுண்டாக வரித்தடத்தோடு இருந்தால் சரி, முழுக் குழாயாகக் கிடந்தால் குண்டு விரியவில்லை.

குண்டு பாதியில் மாட்டினால் சுட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி விழுந்தால் குழல் அந்த இடத்தில் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். கேப்பை (தீப்பொறி தரும் சிறு மூடி) எடுத்துவிட்டு, அது மாட்டியிருந்த நிப்பிள் துளை வழியே எண்ணெய் விட்டு மருந்தை நனைத்து, திருகு மாட்டிய கம்பியால் இழுத்தெடுங்கள்.

பணத்தைக் கேட்டதற்கு விற்றவர் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். பொடி எழுத்தில் ‘காட்சிக்கு மட்டும்’.